கிருஷ்ணன்கோவில் விலக்குக்கு மேற்கே

மதுரையிலிருந்து டி.கல்லுப்பட்டி வழியாக ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் போகிற பஸ்ஸில் ஏறினால் கிருஷ்ணன்கோவிலைத் தாண்டித்தான் போகவேண்டும். ஊரைப் பார்க்கவென்று இங்கே இறங்குகிறவர் குறைவு. 1984இல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கிய கலசலிங்கம் பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் இறங்குவார்கள். அமாவாசை, பௌர்ணமி வந்தால் சதுரகிரி மலைக்கோயிலுக்குப் போகிற கூட்டம் இறங்கும். மேற்கே பிரிகிற ரோடு வத்திராயிருப்புக்குப் போகிறது. இந்தப் பக்கத்தில் யாரும் அவ்வளவு நீளமாகச் சொல்வதில்லை, ‘வத்றாப்’தான். அங்கிருந்து தாணிப்பாறை, மலையடிவாரம்.

விலக்கில் நின்று மேற்கே பார்த்தால் மலை தெரியும். கூட்டத்துக்கு அது சுந்தர மகாலிங்கத்தின் மலை. வனத்துறைக்கு 1988 முதல் சாம்பல் நிற அணில் சரணாலயம், 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம். மலைப் பழங்குடிகளான பளியருக்கு அது வீடு. தாணிப்பாறை, அத்திகோயில், செண்பகத்தோப்பு, ராஜபாளையம் பக்கம் அய்யனார்கோயில் என்று அடிவாரம் நெடுக அவர்கள் குடியிருப்புகள் இருக்கின்றன. மலை ஏறுகிறவர்களில் பாதிப்பேர் அவற்றைக் கடந்துதான் போகிறார்கள், கவனிக்காமல்.

பளியர் கைவேலை என்று கண்காட்சியில் அடுக்கிவைக்கப் பெரிதாக ஒன்றும் தேறாது. அவர்கள் தொழிலுக்கு வேண்டிய சாமான் அவ்வளவு கொஞ்சம். முனை கூராக்கிய ஒரு குச்சி, ஓர் அரிவாள், காட்டுக்கொடியில் முறுக்கிய கயிறு. மற்றதெல்லாம் கையிலும் கண்ணிலும் இருக்கிறது.

வள்ளிக்கிழங்கு தோண்டுவதைச் சொல்கிறேன். காய்ந்த கொடியைப் பார்த்தே கீழே கிழங்கு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். கொடியை ஒட்டிக் குத்தாமல் கொஞ்சம் தள்ளிக் குழி பறித்து, குச்சியால் மண்ணை இளக்கிக் கையால் அள்ளி, கிழங்கு உடையாமல் எடுக்கவேண்டும். எடுத்ததும் தலைப்பகுதியைக் கொடியோடு குழியிலேயே விட்டு மண்ணைத் தள்ளி மூடிவிடுவார்கள். மழை பெய்தால் அது மறுபடி தழைக்கும். தின்பது போலவே விடுவதும் அந்த வேலையில் சேர்த்தி.

தேனெடுப்பு வேறு கதை. பெருந்தேன் அடை செங்குத்துப் பாறையில் தொங்கும். புகைபோட்டு, கொடிக்கயிற்றில் ஒருவன் இறங்க, மேலே கயிற்றைப் பிடிப்பவன் மச்சினனாக இருப்பான். மேற்குத் தொடர்ச்சி மலைக் குடிகள் பலரிடமும் உள்ள வழக்கம் இது. கூடப்பிறந்தவள் தாலியறுக்க எவனும் கயிற்றை விடமாட்டான் என்பது கணக்கு. எந்த இன்சூரன்ஸ்காரனுக்கும் தோன்றாத கணக்கு.

வீட்டுக்கு வருவோம். முன்பு பாறைக்குகையும் வீடுதான். இல்லையென்றால் கம்பு நட்டு, மூங்கில் படல் கட்டி, புல் வேய்ந்த குடிசை. சீக்கிரம் கட்டலாம், கவலையில்லாமல் விட்டுப்போகலாம். அது வறுமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பாதிதான் சரி. 1960களின் தொடக்கத்தில் பளியரோடு தங்கி ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் பீட்டர் கார்ட்னர், அவர்கள் சண்டையை எப்படித் தவிர்க்கிறார்கள் என்று விரிவாக எழுதியிருக்கிறார். ஒருவர் இன்னொருவரை அதிகாரம் பண்ணுவதில்லை. மனத்தாங்கல் வந்தால் பஞ்சாயத்தோ அடிதடியோ கிடையாது. ஒருவர் எழுந்து வேறிடம் போய்விடுவார். கோபம் ஆறினால் வரலாம், வராமலும் இருக்கலாம். அப்படிப் போவதற்கு, விட்டுப்போகத் தோதான வீடு வேண்டுமல்லவா?

இப்போது வரிசையாகக் கான்கிரீட் வீடுகள். மழைக்கு ஒழுகாத கூரையை வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? பள்ளிக்கூடம், ரேஷன் கார்டு, சாதிச் சான்றிதழ் எல்லாம் நிலையான முகவரியில்தான் நிற்கின்றன. ஆனால் பக்கத்து வீட்டோடு மனத்தாங்கல் என்றால் இனி எங்கே போவது? காடும் இப்போது கேட்டுப் போகிற இடமாகிவிட்டது. வனப்பொருள் சேகரிக்கும் உரிமையை 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் எழுத்தில் தந்திருக்கிறது. சட்டத்துக்கும் செக்போஸ்ட்டுக்கும் நடுவே உள்ள தூரம், வத்றாப்புக்கும் தாணிப்பாறைக்கும் உள்ளதைவிட அதிகம்.

அடுத்த அமாவாசைக்கு வந்தால், வழியில் யாராவது தேன் பாட்டிலை நீட்டும்போது விலையைக் கேட்குமுன் ஒன்று கேளுங்கள்: கொம்புத்தேனா, பொந்துத்தேனா, கொசுத்தேனா, பெருந்தேனா? எடுத்தவர் என்றால் எந்த மரம், எந்தப் பூ என்பதுவரை சொல்வார். வாங்கி விற்கிறவர் ‘ஒரிஜினல் சார்’ என்பார்.