கேட்கப்படாத ஒரு சொல்

பயிற்சி வைத்தியனாக நான் கடமையாற்றிய முதலாண்டில் நிகழ்ந்த ஒரு சம்பவத்தைக் கூறாமல் இக்கட்டுரையைத் தொடங்க இயலவில்லை. நீரிழிவால் வருந்திய முதியவர் ஒருவருக்கு வழமையான அளவில் இன்சுலின் ஏற்றுமாறு காலையில் எழுதிவிட்டு, அடுத்த கட்டிலை நோக்கி நகர்ந்தேன்.

"டொக்டர், இந்த ஐயா நேற்றிரவு..." எனத் தொடங்கினார் தாதி.

"எழுதியபடி கொடுங்கள், மிசி" என்று இடைமறித்தேன்.

இரண்டு மணி நேரம் செல்லுமுன் அம்முதியவர் வியர்த்து, நாக்குழறி, நினைவிழந்தார். குளுக்கோசு ஏற்றி அவரை மீட்டோம். முதல்நாள் இரவிலிருந்து அவர் ஒருபிடி சோறும் உண்ணவில்லை என்பதே தாதி சொல்ல முயன்ற செய்தி.

அன்று எனக்கு இல்லாதிருந்தது மருந்தைப் பற்றிய அறிவன்று. இன்சுலினின் தொழிற்பாட்டைப் பரீட்சையிற் பக்கம் பக்கமாக எழுதியவன் நான். எனினும், ஐந்தாண்டுக் கல்வியில் ஒரு தாதி மாணவியோடேனும் ஒரே மேசையில் இருந்து கற்றவனல்லன். நோயாளியின் அருகில் இரவெல்லாம் நிற்பவருக்கு மட்டுமே தெரியக்கூடியவை சில உண்டென்பதை எவரும் எனக்குக் கற்பிக்கவில்லை.

மருந்து என்பது நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து அதனை இயற்றுபவன் என நான்கு கூறுகளை உடையது என்கிறது திருக்குறளின் மருந்து அதிகாரம். நான்காமவரை நாம் மறந்தோம். உலக சுகாதார நிறுவனம் 1988ஆம் ஆண்டிலும் பின்னர் 2010ஆம் ஆண்டிலும் வெளியிட்ட அறிக்கைகள், சுகாதாரத் துறை மாணவர் சேர்ந்து கற்பதன் அவசியத்தை வலியுறுத்தின. சுவீடனின் லிங்ஷோப்பிங் பல்கலைக்கழகம் 1996இல், பல துறை மாணவர் ஆசிரியரின் மேற்பார்வையிற் கூடி நோயாளரைப் பராமரிக்கும் பயிற்சி விடுதியொன்றையே தொடங்கியது. நமது நாட்டிலும் தாதியியல், மருந்தகவியல், இயன்மருத்துவம் என்பன இன்று பல்கலைக்கழகப் பட்டநெறிகளாகிவிட்டன. ஆயினும் ஒரே வளாகத்தில் வாழ்வது வேறு, ஒருங்கே கற்பது வேறு. எல்லோரையும் ஒரு மண்டபத்தில் இருத்தி ஒரே விரிவுரையைக் கேட்கச் செய்வதும் சேர்ந்து கற்றலாகாது. ஒருவரிடமிருந்து மற்றவர் கற்கவேண்டும்.

விரிவுரையாளனான பின், கலந்த குழுவொன்றுக்கு ஒரு நோயாளியின் கதையைக் கொடுத்தேன். பக்கவாதத்தால் ஒரு கை, கால் வலுவிழந்த தோட்டத் தொழிலாளப் பெண் ஒருத்தி வீடு திரும்புகிறாள். அவளுக்கு யாது செய்வோம்? மருத்துவ மாணவன் மருந்துகளை வரிசையாக எழுதினான். மருந்தகவியல் மாணவி, "பொதியில் எழுதியிருப்பதை வாசிக்க அந்த வீட்டில் யார் இருக்கிறார்?" என்றாள். இயன்மருத்துவ மாணவன், லயத்திலிருந்து மலசலகூடத்துக்கு எத்தனை படிகள் என வினவினான். "மகள் கொழுந்து பறிக்கப் போனபின் அவளுக்குத் துணை யார்?" என்றாள் தாதியியல் மாணவி. சிறிது நேரம் மௌனமாயிருந்த மருத்துவ மாணவன், "இவற்றுள் ஒருவேளை மருந்தாக மாற்றக்கூடியவை உண்டா?" என்று மருந்தகவியல் மாணவியிடம் கேட்டான். அந்த வினாவே அன்றைய பாடத்தின் பயன் எனக் கருதினேன்.

நேர அட்டவணையில் இடமில்லை என்பாருளர். எல்லோரும் பேசினால் முடிவெடுப்பவர் யார் என்று அஞ்சுவாரும் உளர். முடிவெடுக்கும் பொறுப்பை வைத்தியர் கைவிட வேண்டியதில்லை. முடிவெடுக்குமுன் கேட்பதும் அப்பொறுப்பின் ஒரு பகுதியே. வைத்தியர் கேட்கப் பழகுவதுபோலத் தாதியும் மருந்தாளரும் தயங்காது சொல்லப் பழகவேண்டும். தொழிலில் இறங்கிப் பதவியும் அச்சமும் இறுகிய பின் இவ்விரண்டையும் கற்பது கடினம். மாணவப் பருவத்தில் எளிது.

இன்றும் விடுதியைச் சுற்றிவரும்போது ஒவ்வொரு கட்டிலருகிலும், "வேறு எவருக்கேனும் சொல்ல ஏதும் உண்டா?" என்று கேட்கிறேன், கேட்டபின் சற்று நின்று காத்திருக்கிறேன். அன்று அந்தத் தாதிக்கு நான் கொடுக்க மறுத்தது அவ்வளவு நேரத்தைத்தான்.