படியிறங்கும் இரவுகள்

லண்டனில் நான் முதலில் மனப்பாடம் செய்த வழி, ஈஸ்ட் ஹாம் ஸ்டேஷனிலிருந்து சோஹோவுக்குப் போகிற வழி. 2005இல் படிக்க வந்தவள் நான். கல்லூரிக்குப் போகும் பாதை அதற்குப் பிறகுதான் கால்களுக்குப் பழகியது. சோஹோவின் கார்லைல் தெருவில் 'கேண்டி பார்' என்றொரு மதுக்கூடம் இருந்தது. பெண்களை நேசிக்கும் பெண்களுக்காக 1996இல் தொடங்கிய இடம். திருச்சியில் ஒரு பிரவுசிங் சென்டரில், பக்கத்து நாற்காலியில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, அதன் முகவரியை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டு வந்திருந்தேன்.

முதல் நாள் அந்தக் கதவை மூன்று முறை தாண்டிப் போனேன். நான்காவது முறை மழை பிடித்துக்கொண்டது. உள்ளே ஓடிவிட்டேன்.

கீழே படியிறங்கினால் பாட்டும் ஆட்டமும். என் கண் அங்கே நிற்கவில்லை. சுவரோரம் ஐம்பது வயது மதிக்கத்தக்க இரண்டு பெண்கள். குளிரிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார்கள். ஒருத்தியின் கண்ணாடியில் ஆவி படர்ந்திருந்தது. மற்றவள் அதைக் கழற்றி, தன் ஸ்வெட்டர் நுனியால் இரண்டு பக்கமும் துடைத்து, விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, மறுபடி அவள் காதில் மாட்டிவிட்டாள். பேச்சு நடுவில் நிற்கவே இல்லை. அம்மா அப்பாவுக்கு அப்படிச் செய்து பார்த்திருக்கிறேன். ஒரு பெண் இன்னொரு பெண்ணுக்குச் செய்ததையும், அதை ஒருவரும் திரும்பிப் பார்க்காததையும் அன்றைக்குத்தான் பார்த்தேன். கையிலிருந்த ஆரஞ்சு ஜூஸைக் குடிக்க மறந்து நின்றேன்.

இரவு வாழ்க்கை என்றாலே குடி, கூத்து என்று நம் பக்கத்தில் ஒரு நினைப்பு. எனக்கு அது வேறு. யாரைப் பார்க்கிறோம், எவ்வளவு நேரம் பார்க்கிறோம், கையை எங்கே வைத்திருக்கிறோம் என்று பகல் முழுக்க நம்மை நாமே காவல் காக்கிறோமே, அந்த வேலையிலிருந்து நாலு மணி நேரம் விடுப்பு.

அந்த விடுப்பை லண்டன் பெரும்பாலும் தரைக்குக் கீழேதான் கொடுத்திருக்கிறது. 1934இல் எண்டெல் தெருவில் ஒரு நிலவறையில் 'கேரவன்' என்ற கிளப் திறந்தது. சில வாரங்களிலேயே போலீஸ் புகுந்து அங்கிருந்தவர்களை அள்ளிக்கொண்டு போனது. செல்சீயில் 'கேட்வேஸ்'. பச்சைக் கதவு, செங்குத்தான படிகள், கீழே ஓர் அறை. எத்தனையோ பெண்கள் பஸ்ஸும் ரயிலும் மாறி அந்தக் கதவைத் தேடி வந்தார்கள். 1967இல் அது பெண்களுக்கு மட்டும் என்று ஆனது, 1985இல் மூடிவிட்டார்கள். பிரிக்ஸ்டனின் ரெயில்டன் சாலையில், ஜமைக்காவிலிருந்து வந்த பேர்ல் ஆல்காக் 1970களில் மேலே துணிக்கடை வைத்துக்கொண்டு, கீழே அனுமதியில்லாத ஒரு மதுக்கூடம் நடத்தினார். வெள்ளைக்காரர்களின் இடங்களில் முகம் சுளிக்கப்பட்ட, ஆண்களை நேசித்த கறுப்பின ஆண்கள் அங்கே கூடினார்கள். பின்னாளில் அவர் ஓவியராகவும் பெயர் பெற்றார். 1979இல் தொடங்கிய 'ஹெவன்' சேரிங் கிராஸ் ரயில் நிலையத்துக்கு அடியில், வளைவுகளுக்குள் இருக்கிறது. பெயர்தான் சொர்க்கம், இடம் தண்டவாளத்துக்குக் கீழே.

சட்டமும் கதவை அடைத்துக்கொள்ளத்தான் சொன்னது. 21 வயது நிரம்பிய இரண்டு ஆண்கள் தனிமையில் இருந்தால் குற்றமில்லை என்று 1967இல் இங்கிலாந்தும் வேல்ஸும் விட்டுக்கொடுத்தன. பெண்களைக் குற்றவாளியாக்க இங்கே தனிச் சட்டம் இருந்ததில்லை. அதற்காகப் பெண்களுக்கு வேலை போகாமலும் இல்லை, பெற்ற பிள்ளையை நீதிமன்றம் பிடுங்கிக் கொடுக்காமலும் இல்லை. இதே ஆட்சி 1860இல் நமக்கு எழுதிக் கொடுத்த, தன்பால் உறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவின் பிடி தளர 2018 செப்டம்பர் வரை காத்திருந்தோம்.

ஓல்ட் காம்ப்டன் தெரு மாத்திரம் நல்ல வெளிச்சத்தில் இருக்கும். ஆண்கள் கைகோத்துக்கொண்டு நடைபாதையிலேயே நிற்பார்கள். அங்கே 'அட்மிரல் டங்கன்' என்ற பப். 1999 ஏப்ரல் 30, வெள்ளிக்கிழமை மாலை, ஆணிகள் நிரப்பிய குண்டு அங்கே வெடித்தது. மூன்று பேர் இறந்தார்கள். அதில் ஒருத்தி கர்ப்பிணி. அந்தக் குண்டை வைத்தவன் அதற்கு முன் வைத்த இரண்டு குண்டுகளில் ஒன்று கறுப்பின மக்கள் வாழும் பிரிக்ஸ்டனில், இன்னொன்று வங்காளிகள் வாழும் பிரிக் லேனில். இரண்டே வாரத்துக்குள் மூன்று. இதை நம் ஆட்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறேன். பழுப்புத் தோலை வெறுத்த கைதான் அந்தப் பப்பிலும் பையை வைத்துவிட்டுப் போனது. 'அவங்க சமாச்சாரம் நமக்கெதுக்கு' என்று யாராவது சொன்னால் எனக்கு நெஞ்சு பதறும்.

ஆற்றுக்குத் தெற்கே வாக்ஸால். ரயில் வளைவுகள், பேருந்து நிலையம், இவற்றுக்கு நடுவில் தனியாக நிற்கும் விக்டோரியா காலத்துக் கட்டடம், 'ராயல் வாக்ஸால் டேவர்ன்'. நகைச்சுவைக் கலைஞர் பால் ஓ'கிரேடி பெண் வேடம் கட்டி 'லில்லி சாவேஜ்' ஆக மேடையேறிய இடம். 1987இல் போலீஸ் அங்கே புகுந்தபோது கையில் ரப்பர் கையுறை மாட்டியிருந்தார்கள். எய்ட்ஸ் பயம். வாரா வாரம் நண்பர்களின் சவ ஊர்வலத்துக்குப் போய்வந்துகொண்டிருந்தவர்களைத் தொட்டுக் கைது செய்யக்கூட கையுறை. 2015இல் அரசே அதைப் பாதுகாக்க வேண்டிய கட்டடமாகப் பட்டியலில் சேர்த்தது. தன்பால் ஈர்ப்பாளர்களின் வரலாற்றுக்காக அப்படிச் சேர்க்கப்பட்ட முதல் கட்டடம் அதுதான்.

இத்தனை இடத்திலும் நான் விருந்தாளி. என் வீடு டஃப்னெல் பார்க்கில் இருந்தது. 'கிளப் காளி'. 1995இல் டி.ஜே. ரிதுவும் ரீட்டாவும் தெற்காசியர்களுக்காகத் தொடங்கியது. 'டோம்' என்ற கூடத்தில் அப்போது நடந்துகொண்டிருந்தது. முதன்முறை போனபோது ஒன்று கவனித்தேன்: இங்கே படி மேலே ஏறியது. உறையூர் வெக்காளியம்மனுக்குத் தலைக்கு மேல் கூரை கிடையாது; சின்ன வயதில் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு அவள் முன் நின்றவள் நான். டோல் சத்தம் காதில் விழ விழ அந்தப் படியேறுகையில் அவள் நினைப்பு வந்தது. மேலே, புடவை கட்டிய ஆண்கள், ஷெர்வானி போட்ட பெண்கள், கை நிறையக் கண்ணாடி வளையல். மல்லிகைப்பூ வைத்திருந்த ஒருவர் நகர்ந்து எனக்கு வழிவிட்டார்.

பாட்டு எல்லாம் இந்தியும் பஞ்சாபியும். ஒருமுறை ரஹ்மானின் 'சைய சையா' வந்தது. என் உதடு தானாகத் தமிழில் 'தைய தையா' என்றது. பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்த பெண் சட்டென்று நின்றாள்.

"அக்கா, நீங்கள் தமிழோ?"

யாழ்ப்பாணத்துப் பேச்சு. ஒரு நொடி இரண்டு பேருக்கும் பயம். இவள் யார் வீட்டுப் பெண், யாருக்குச் சொந்தம், நாளைக்குக் கடைத்தெருவில் எதிரே வருவாளோ என்ற பயம். பிறகு அவள் சொன்னாள்: "எங்கட ஆக்கள் ஒருத்தரும் இங்கை வரமாட்டினம் எண்டுதான் நான் துணிஞ்சு வாறனான்." சிரித்துவிட்டோம்.

1995இல், போரில் ஊரே இடம்பெயர்ந்தபோது, பத்து வயதில் அம்மாவோடு யாழ்ப்பாணத்தை விட்டு நடந்தவள் அவள். அதே ஆண்டில்தான் தன்பால் உறவைத் தண்டிக்கும் இலங்கையின் 365ஏ பிரிவு திருத்தப்பட்டது. அதுவரை ஆண்களை மட்டும் குறித்த சட்டத்துக்குள் பெண்களையும் சேர்த்தார்கள். 'நான் அங்கே குற்றவாளியான வருஷம்தான் இங்கே காளி பிறந்திருக்கிறாள்' என்று பல வருஷம் கழித்து அவள் கணக்குப் போட்டுச் சொன்னாள். அந்தச் சட்டம் இன்னும் அங்கே ஏட்டில் இருக்கிறது.

அவளுக்கு மானர் பார்க். திரும்பி வரும்போது இரவுப் பேருந்தின் மேல்தட்டில் உட்கார்ந்து, கைப்பையிலிருந்து ஈரத்தாளை எடுத்து, கன்னத்து மினுக்கைத் துடைப்பாள். பிறகு கண்மை, உதட்டுச்சாயம். கடைசியில் ஜன்னல் கண்ணாடியில் முகத்தைச் சரிபார்ப்பாள். முருகன் கோயில் பக்கத்து நிறுத்தம் வருவதற்குள் முடித்துவிட வேண்டும். காது மடலில் ஒட்டிய மினுக்கை நான்தான் துடைத்துவிடுவேன்.

அந்த இடங்கள் ஒவ்வொன்றாகப் போயின. 'கேண்டி பார்' 2014இல். அடுத்த ஆண்டே ஹாக்னி சாலையின் 'ஜாய்னர்ஸ் ஆர்ம்ஸ்', கேம்டனின் 'பிளாக் கேப்'. யுனிவர்சிட்டி காலேஜ் லண்டனின் ஆய்வு 2006இல் 125 ஆக இருந்த இத்தகைய இடங்கள் 2017இல் 53 ஆகிவிட்டதாகக் கணக்கிட்டது. கைபேசிச் செயலிகள் வந்ததால் என்பார்கள். நான் பார்த்தவரை வாடகையும் கட்டடம் கட்டுகிறவர்களும்தான் காரணம். அதிலும் பெண்களின் இடம்தான் முதலில் போகும். கையில் காசு குறைவாக இருப்பவர்கள் நடத்துவது, காசு குறைவாக இருப்பவர்கள் வருவது.

2024இல் ஹாக்னியில் 'லா கமியோனேரா' என்று பெண்களுக்கான மதுக்கூடம் ஒன்று திறந்தபோது நாங்கள் இருவரும் போனோம். பாதிப் பேர் எங்களைவிட இருபது வயது இளையவர்கள். திரும்பும் வழியில், ஸ்ட்ராட்ஃபோர்டில் பஸ் மாறி ஏறினோம். அவள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். அடுத்த நிறுத்தத்தில் வயதான தமிழர் ஒருவர் ஏறினார். பெட்ரோல் ஸ்டேஷன் சீருடை, கையில் சாப்பாட்டுப் பை. எங்கள் முன்னிருக்கையில் உட்கார்ந்து திரும்பிப் பார்த்தார். அவள் விழித்துக்கொண்டாள். கை தானாகக் கன்னத்துக்குப் போனது.

"பிள்ளையள், வேலை முடிஞ்சு வாறியளோ?"

கன்னத்திலிருந்து கையை எடுத்தாள். மினுக்கு அப்படியே இருந்தது.

"இல்லை ஐயா, ஆடிப்போட்டு வாறம்."