கரிசலுக்கு ஒரு கியூஆர் கோடு

2018இல் தமிழ்நாட்டுப் பாடப்புத்தகங்கள் மாறியபோது பாடங்களின் ஓரத்தில் ஒரு கறுப்புச் சதுரம் முளைத்தது. புத்தகம் அதற்கு விரைவுக் குறியீடு என்று பெயர் வைத்திருக்கிறது. வகுப்பில் அது கியூஆர் கோடுதான். திக்‌ஷா செயலியைத் திறந்து செல்போனை அதன்மேல் பிடித்தால் பாடம் படமாக ஓடும். மறு ஆண்டு கல்வித் தொலைக்காட்சி வந்தது, 2023இல் மணற்கேணி செயலி வந்தது. இவற்றால் பலன் உண்டு. இதயத்தின் நான்கு அறைகளுக்குள் ரத்தம் ஓடுவதைச் சாக்பீஸால் வரையலாம், ஓடவைக்க முடியாது. ஆனால் இந்தப் பாதை முழுக்க ஒருவழிப் பாதை. மாநிலம் முழுமைக்கும் பொதுவாகத் தயாரான பாடம் கரிசல் கிராமமான இடைசெவலுக்கு வந்து சேருகிறது; இடைசெவலிலிருந்து எதுவும் புறப்படுவதில்லை.

இந்த ஊரை வைத்து இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எழுத்தாளர்கள் கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் 1923இல் பிறந்தது இங்கேதான். பள்ளிப்படிப்பு அதிகம் இல்லாத கி.ரா., பின்னாளில் புதுவைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக உட்கார்ந்தார். அவருடைய கரிசல் வட்டார வழக்கு அகராதி 1982இல் வெளிவந்தது. சம்சாரிகளின் வாயில் புழங்கிய சொற்களைக் காதால் வாங்கிக் காகிதத்தில் ஏற்றிய வேலை அது. காகிதத்தில் ஏறாதது ஒன்று உண்டு: குரல். ஒரு சொல்லை எந்த இடத்தில் இழுக்கிறார்கள், எங்கே கடித்துத் துப்புகிறார்கள் என்பதை எந்த அகராதியும் சொல்லாது. ஆசிரியரின் சட்டைப்பையில் இருக்கும் செல்போன் சொல்லும். மேகத்துக்கும் மழைக்கும் தங்கள் பாட்டிமார் வழங்கும் பெயர்களைப் பிள்ளைகள் பதிவுசெய்து வந்தால் அதுவே ஒரு தமிழ்ப்பாடம். மண்ணும் அப்படித்தான். கரிசல் பருத்திக்கு ஏற்றது என்று ஒரு வரியில் மனப்பாடம் செய்வார்கள். அது ஏன் வெடிக்கிறது? அதிலுள்ள களிமண் கனிமம் ஏடு ஏடாக அமைந்தது. ஏடுகளுக்கிடையே நீர் புகுந்தால் உப்பும், நீர் போனால் சுருங்கும். சுருங்கும்போது நிலம் பாளம் பாளமாகப் பிளக்கிறது. ஒரே வெடிப்பை, ஒரே இடத்தில் நின்று, ஜூன் தொடங்கி வாரத்துக்கு ஒரு படம் எடுத்துவந்தால் போதும். ஐப்பசி மழையில் அந்த வாய் மூடிக்கொள்வது வரை வரிசையாக ஓட்டிப் பார்க்கலாம். இந்த மண்ணையும் மானாவாரியையும் 1901 முதல் ஆராயும் வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் பக்கத்துக் கோவில்பட்டியிலேயே இருக்கிறது.

பரீட்சையில் வட்டாரச் சொல்லைக் கேட்பார்களா என்பார்கள். கேட்கமாட்டார்கள். ஆனால் வெடிப்பை ஐந்து மாதம் பின்தொடர்ந்த பிள்ளைக்கு மண்வகைக் கேள்வி ஒரு பொருட்டாக இருக்காது. ஆசிரியருக்கு நேரம் எங்கே என்பது இதைவிட நியாயமான கேள்வி. பள்ளி விவரங்களைப் பதியும் எமிஸ் இணையதளத்தில் விவரம் ஏற்றியே கை ஓய்ந்தவர்களிடம் இன்னொரு பதிவேற்றத்தைச் சுமத்தினால் இதுவும் கணக்குக் காட்டும் வேலையாகிவிடும். ஆகவே இதற்குப் படிவமும் வேண்டாம், இலக்கும் வேண்டாம். தினமும் மிதிக்கிற மண்ணைத் திரும்பக் காட்டுவானேன், பிள்ளை உலகத்தைப் பார்க்கட்டுமே என்ற மறுப்பும் வரும். பார்க்கட்டும். ஆனால் வெறுமனே பார்ப்பது எதுவரை கொண்டுபோகும் என்பதைக் கொரோனா காலம் காட்டிவிட்டது. 2020இல் பள்ளிகள் மூடியபோது பாடம் திரைக்குப் போனது. பல வீடுகளில் இருந்த ஒற்றை செல்போனோ காலையில் அப்பாவோடு வேலைக்குப் போனது. மறு ஆண்டே அரசு இல்லம் தேடிக் கல்வியைத் தொடங்கி, அந்தந்தப் பகுதித் தன்னார்வலர்களைச் சாயங்காலத்தில் பிள்ளைகள் முன்னால் உட்காரவைக்க வேண்டியிருந்தது. கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஒரு மனித முகம் தேவைப்பட்டது.

பதிவுசெய்ததை ஊருக்கு வெளியே அனுப்புவதில் ஒரு கவனம் வேண்டும்: பாட்டியின் குரலை அவளைக் கேட்காமல் இணையத்தில் ஏற்றக் கூடாது. பள்ளிக் கணினியில் இருந்தால் போதும். மண்ணின் படங்களுக்கு அந்தத் தயக்கம் தேவையில்லை. அவற்றை இணையத்தில் ஏற்றி ஒரு கியூஆர் கோடு உருவாக்கலாம்; அதற்குக் காசு செலவில்லை. தஞ்சாவூர் வண்டலில் நடந்து பழகிய ஒரு பிள்ளை அந்தக் கறுப்புச் சதுரத்தின்மேல் செல்போனைப் பிடித்தால், ஆகஸ்ட் மாதத்துக் கரிசல் வெடிப்புக்குள் இடைசெவல் பையன் விட்ட பருத்திமார் எத்தனை சாண் இறங்கியது என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியும்.