கழுத்து வரை ஜிப்

2020 செப்டம்பர், இத்தாலியின் முஜெல்லோ. ஃபார்முலா 1 பந்தயத்தில் ஜெயித்துவிட்டு மேடையேறிய கார் பந்தய வீரர் லூயிஸ் ஹாமில்டன், பந்தய உடைக்கு மேல் ஒரு கறுப்பு டீ-ஷர்ட் போட்டிருந்தார். அமெரிக்கக் கறுப்பினப் பெண் பிரியோனா டெய்லரைக் கொன்ற போலீஸ்காரர்களைக் கைது செய்யச் சொன்னது நெஞ்சிலிருந்த வாசகம். முதுகில் அந்தப் பெண்ணின் முகம். 26 வயது. நள்ளிரவில் வீட்டுக்குள் புகுந்த போலீஸ் சுட்டுக் கொன்றது.

அதற்குப் பந்தயத்தை நிர்வகிக்கும் எஃப்ஐஏ அமைப்பு கொடுத்த பதில்: இனி மேடையில் ஜிப்பைக் கழுத்து வரை போட்டிருக்க வேண்டும்!

அடுத்த வருடம் ஹங்கேரி பந்தயத்தில், தன்பாலின ஈர்ப்பாளர்களுக்கு ஆதரவாக வானவில் சட்டையோடு நின்ற இன்னொரு வீரர் செபாஸ்டியன் வெட்டலுக்குக் கண்டனம். 2022 டிசம்பரில் விதியே வந்துவிட்டது. வீரர்கள் அரசியல், மதக் கருத்து சொல்ல எழுத்துப்பூர்வ முன் அனுமதி வேண்டுமாம்.

உடம்பு முழுக்க ஸ்பான்சர் பெயர்கள் ஒட்டலாம், கொல்லப்பட்டவள் பெயர் மட்டும் கூடாதா? எனக்குக் கோபம்தான் வருகிறது. சவூதியில் பந்தயம் நடத்துவதும் அரசியல்தானே, அதற்கு யாரிடம் அனுமதி வாங்கினார்கள்?