படம் பார்க்கப் போனோம்

கண்டி மாநகரிலிருந்து வடக்கே மூன்று மைல் சென்றால் மகாவலி கங்கை குறுக்கிடுகின்றது. அதன் கரையில் அமைந்ததே கட்டுகஸ்தோட்டை. யாழ்ப்பாணத்துக்குச் செல்லும் நெடுஞ்சாலையும், குருநாகல் வழியே புத்தளத்துக்குச் செல்லும் சாலையும் இவ்வூரிலேதான் ஒன்றையொன்று பிரிகின்றன. கிரிக்கெட் வீரர் முத்தையா முரளிதரன் பயின்ற புனித அந்தோனியார் கல்லூரி இங்குள்ளது என்று சொன்னால் மாணவ நேயர்களுக்கு ஊர் உடனே விளங்கிவிடும். அவர்களுடைய பாட்டனார் காலத்திலோ இவ்வூரின் புகழ் வேறொன்றாக இருந்தது. அது யானைக் குளியல்.

ஆங்கிலேயர் காலத்துப் படத் தபாலட்டைகளைச் சேர்த்து வைத்திருப்போர் இதனை நன்கறிவர். இடுப்பளவு நீரில் யானைகள் சாய்ந்து கிடக்கும். பாகர் தேய்த்துக் கொண்டிருப்பர். பின்னால் தென்னையும் மூங்கிலும் தெரியும். அட்டையின் அடியில் ஊர்ப்பெயர் அச்சிடப்பட்டிருக்கும். யானைக்கும் ஊருக்கும் அங்கே இடமுண்டு. யானையைத் தேய்ப்பவன் பெயருக்குத்தான் இடமில்லை.

கண்டிச் சீமைக்கும் படப்பெட்டிக்கும் உள்ள உறவு மிகப் பழையது. 1870களிலேயே சார்ல்ஸ் ஸ்கோவன் என்பவர் கண்டியில் நிழற்பட நிலையம் நடத்தினார். 1890இல் தோன்றிய பிளேட் நிறுவனத்தார் தபாலட்டைகளை அச்சிட்டு உலகெங்கும் பரப்பினர். இங்கிலாந்தின் தலைசிறந்த நிழற்படக் கலைஞருள் ஒருவரான ஜூலியா மார்கரெட் கமரன் அம்மையார் தமது இறுதி ஆண்டுகளை இலங்கையிலே கழித்து, 1879இல் இங்கேயே காலமானார். களுத்துறையில் அவர் எடுத்த படங்களில் உழைக்கும் மக்களின் முகங்கள் எத்துணை உயிரோட்டத்துடன் விளங்குகின்றன! ஆயினும் அம்முகங்களுக்கு உரியவர் யார் என்பதை எங்கே போய்க் கேட்பது?

இன்று கட்டுகஸ்தோட்டையில் ஆறு அவ்வளவாக ஓடுவதுமில்லை. 1976இல் திறக்கப்பட்ட பொல்கொல்லை அணை சற்றுக் கீழே நீரை மறித்துச் சுரங்க வழியே திருப்பிவிடுகின்றது. ஆகவே பாலத்தின் மேலிருந்து பார்த்தால் நீர் நின்று நிதானித்துச் செல்வதுபோலத் தோன்றும். யானைக் குளியல் காண விரும்பும் பயணிகள் இப்போது பின்னவலைக்குப் போய்விடுகின்றனர்.

இப்பாலத்தருகே உள்ள எம் வீட்டுக்கு, பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பயிலும் எம் தமக்கையாரின் மகன் ஒருநாள் சில விளம்பரத் தாள்களுடன் வந்து சேர்ந்தான். நவீன நிழற்படக் கலை விழாக்களைப் பற்றிய தாள்கள் அவை.

“மாமா, இதை ஒருமுறை வாசித்துப் பாருங்கள்” என்றான்.

ஒருமுறையன்று, மூன்று முறை வாசித்தோம். தேநீர் ஆறிப்போயிற்றே தவிரப் பொருள் விளங்கவில்லை. நினைவு என்பது ஒரு வெளியாம். வெளி என்பது ஓர் உரையாடலாம். அந்த உரையாடலைப் படங்கள் குலைக்கின்றனவாம். படத்தில் இருப்பது மலையா மனிதரா என்று ஒரு சொல்கூட இல்லை. காய்கறிக் கடைக்காரர் தம் சரக்கை இவ்விதம் கூவினால் அவர் கடையில் யாரேனும் கத்தரிக்காய் வாங்குவார்களா? தமிழில் இருந்த தாளோ ஆங்கிலத் தாளைவிடக் கடினமாக இருந்தது. “படித்தவர் தம்முள் பேசிக்கொள்வதற்கு நாம் ஏன் ரயிலேறிப் போகவேண்டும்?” என்று கேட்டு அவனை அனுப்பிவிட்டோம்.

ஆனால் அவன் விடவில்லை. நம்மவர் லயனல் வென்டின் கதையை எடுத்துக்கொண்டான். 1900இல் பிறந்து, பியானோ வாசிப்பிலும் நிழற்படக் கலையிலும் வல்லவராக விளங்கி, 1944இல் மறைந்தவர் அவர். கொழும்பில் அவர் பெயரால் அரங்கமே உண்டு. நாடகம் பார்க்க அவ்வரங்கத்துக்குப் போனவர் பலர்; அவர் எடுத்த படத்தைப் பார்த்தவர் எத்தனை பேர்? 2017இல் ‘டாக்குமெண்டா’ என்னும் பெரிய கலை விழாவிலே அவர் படங்களை ஐரோப்பியர் நின்று பார்த்தார்களாம். அதைக் கேட்டதும் சிறிது வெட்கமாகத்தான் இருந்தது.

அவ்வேளையில் சென்னையில் உறவினர் திருமணம் ஒன்று வந்தது. 2024 டிசம்பரில் தொடங்கிய சென்னை போட்டோ பியன்னாலே என்னும் விழா அப்போது நடந்துகொண்டிருந்தது. பியன்னாலே என்றால் ஈராண்டுக்கு ஒருமுறை என்று பொருள். 2016, 2019, 2021, 2024 என இவ்விழா தொடங்கிய ஆண்டுகளைப் பார்த்தால் பெயரிலேயே சிறிது மிகை இருப்பது புலனாகும். அது போகட்டும். இம்முறை அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி, ‘ஏன் படம் எடுக்கிறோம்?’ என்பது. விளம்பரத் தாள்களில் நாம் கண்ட முதல் நேரான வாக்கியம் அதுவே.

மருமகனும் நாமும் காலையில் புறப்பட்டு மாலை வரை சுற்றினோம். எல்லாம் நன்று என்று சொல்லமாட்டோம். சில படங்களின் முன் நின்றபோது, எடுத்தவர்க்கே ஏன் எடுத்தோம் என்று தெரியுமா என்ற ஐயம் எழுந்தது. சுவரில் ஒட்டியிருந்த விளக்கங்களோ தாள்களின் உடன்பிறப்புகள். பத்துப் படங்களுக்குப் பின் அவற்றை வாசிப்பதை நிறுத்திவிட்டோம். அதன் பின்னரே படங்கள் கண்ணிற் படத் தொடங்கின.

‘வானேறும் விழுதுகள்’ என்ற பகுதியைத் தொகுத்தவர் ஜெய்சிங் நாகேஸ்வரன். மதுரையை அடுத்த வாடிப்பட்டியைச் சேர்ந்தவர். 2020 ஊரடங்கில் ஊரோடு தங்க நேர்ந்தபோது தம் வீட்டையும் வீட்டாரையுமே படமாக்கியவர். மதுரையைச் சேர்ந்த பழனிக்குமாரோ, மீன் விற்கும் தம் தாயாரைப் படமெடுத்தவர். துப்புரவுத் தொழிலாளரின் துயரத்தை விடாது பதிவு செய்பவர். இத்தகையோர் படங்களில் உள்ளவர் எவரும் தபாலட்டை மனிதர் அல்லர். பெயருண்டு, ஊருண்டு, எடுத்தவரோடு ஓர் உறவுமுண்டு. படம் பிடிப்பவன் கரையில் நிற்காமல் ஆற்றில் இறங்கியிருக்கின்றான் என்று மருமகனிடம் சொன்னோம். அவன் சிரித்தான். நாமும் தாள்களின் பாஷையைப் பேசத் தொடங்கிவிட்டோம் போலும்!

போகலாமா என்று கேட்கும் நேயர்களுக்குத் தயக்கமின்றிச் சொல்வோம்: போங்கள், குழந்தைகளையும் அழைத்துச் செல்லுங்கள். விளம்பரத் தாளில் முகவரியையும் நேரத்தையும் மட்டும் குறித்துக்கொண்டு மீதியை மடித்து வைத்துவிடுங்கள். படத்தை முதலில் பாருங்கள். எழுத்தை வேண்டுமானால் பிறகு பார்க்கலாம்.

எமக்கோ அன்று மாலை வேறொரு படம் நினைவில் வந்து நின்றது. அது எம் வீட்டுக் கூடத்தில் தொங்குகின்றது. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகை செய்தது. அவர்களுள் எம் சிறிய தந்தையார் குடும்பமும் ஒன்று. 1973இல் கடவுச்சீட்டுக்கு முகப்படம் எடுக்கக் கண்டிக்குப் போனவர்கள், மிஞ்சிய காசில் லயத்து உறவினரையும் அயலாரையும் கூட்டி நிறுத்தி ஒரு படம் எடுத்துக்கொண்டார்கள். பதினொரு பேர். பின்னர் தலைமன்னாரில் கப்பலேறி, நீலகிரியிலுள்ள கூடலூரில் மீண்டும் தேயிலைக்கே போய்ச் சேர்ந்தார்கள். முகப்படம் அரசாங்கம் கேட்டது. மற்றப் படத்தை எவரும் கேட்கவில்லை. சிறிய தந்தையார் திரும்பி வரவுமில்லை.

அரை நூற்றாண்டாக அப்படத்தைத் துடைத்து மாட்டுகின்றோம். ஊர் திரும்பிய பின்னரே அதைச் சுவரிலிருந்து இறக்கிப் பின்புறத்தைப் பார்த்தோம். நிழற்பட நிலையத்தின் முத்திரை இருந்தது. ஒரு பெயரும் இல்லை.

எண்பத்தாறு வயதான எம் அன்னையாரின் அருகில் அமர்ந்து, அவர் சொல்லச் சொல்ல மருமகன் பென்சிலால் எழுதினான். சில பெயர்கள் உடனே வந்தன. சிலவற்றுக்கு ஒரு நாள் பிடித்தது. இடப்புறக் கோடியில், பெரிய சட்டையணிந்து வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கி நிற்கும் சிறுமி யார் என்பது மட்டும் அன்னையாருக்கு நினைவில்லை. அடுத்த லயக் காம்பராவின் பிள்ளையாக இருக்கலாம் என்கிறார். திருமணத்துக்கு வர இயலாதிருந்த சின்னம்மா இன்றும் கூடலூரில் இருக்கின்றார். மருமகன் படத்தைக் கைத்தொலைபேசியில் அவருக்கு அனுப்பியிருக்கின்றான். பதில் இன்னும் வரவில்லை.