டிரம் செய்த உபகாரம்

காஞ்சிபுரத்தில் பழைய அம்பாசடர் வைத்திருப்பவர் இரண்டு விதமாக ஓட்ட வேண்டியிருக்கிறது. ராஜவீதிகளில் பட்டுக்கடைக் கூட்டத்துக்கும் சுவாமி புறப்பாட்டுக்கும் நடுவே ஊர்ந்தாக வேண்டும். பொன்னேரிக்கரை தாண்டிப் பெங்களூரு நெடுஞ்சாலை ஏறினால் ஆம்னி பஸ்ஸுக்கு ஈடுகொடுத்தாக வேண்டும். நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக் உள்ள வண்டிக்கு ஊர்வது சிரமமில்லை, நெடுஞ்சாலைதான் சிரமம். அதனால்தான், "அண்ணே, முன்னாடி டிஸ்க் மாட்டிடுங்க, டக்குனு நிக்கணும்" என்று என்னிடம் வருகிறார்கள்.

ஆசை நியாயமானது. மலையிறக்கத்தில் டிரம் சூடேறினால் விரிந்து, உள்ளிருந்து அழுத்தும் ஷூவை விட்டு விலகும், பெடல் இறங்கிக்கொண்டே போகும். ஐப்பசி மழையில் உள்ளே தண்ணீர் புகுந்தால் காயும்வரை பிடிக்காது. டிஸ்க் வெளியே காற்றில் சுழல்வதால் சூட்டையும் ஈரத்தையும் சீக்கிரம் உதறிவிடும். 1953 லெ மான் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் ஜெயித்தபோதே உலகத்துக்கு இது தெரிந்துவிட்டது. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து பிறந்த அம்பாசடர் அதற்குப் பிறகும் டிரம்மோடுதான் வந்தது. முன்பக்க டிஸ்க் அதற்குக் கிடைக்க வெகுகாலம் ஆயிற்று.

மாட்டுவது பெரிய வேலையில்லை. கழற்றிய டிரம் சத்தமில்லாமல் என்னென்ன செய்துகொண்டிருந்தது என்று தெரிந்து, ஒவ்வொன்றையும் ஈடுகட்டுவதுதான் வேலை.

முன்சக்கர டிரம்மில் வீல் சிலிண்டர் இரண்டு. வண்டி முன்னே ஓடும்போது சுழற்சியே இரண்டு ஷூவையும் இழுத்து இன்னும் அழுத்தும். கால் கொடுக்கும் பலத்தை டிரம்மே பெருக்கிவிடும். ரிவர்ஸில் இந்த உதவி இல்லாததால்தான் அதே பிரேக் மந்தமாகத் தெரிகிறது. டிஸ்க்குக்கோ எந்தத் திசையிலும் இந்தக் குணம் கிடையாது, கொடுத்த அழுத்தத்துக்கு ஏற்ற பிடிதான். ஆகவே இன்ஜினிலிருந்து வேக்குவம் எடுக்கும் பூஸ்டர் வேண்டும்.

அடுத்தது பிரேக் ஆயில். டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பரின் பிஸ்டன் பெரியது, நிறையக் கேட்கும். பழைய மாஸ்டர் சிலிண்டரால் அவ்வளவு தள்ள முடியாவிட்டால் பெடல் தரையைத் தொடும். விட்டம் பெரிய சிலிண்டர் போட்டால் பெடல் கனக்கும், அதையும் பூஸ்டர்தான் சுமக்க வேண்டும்.

பலர் மறப்பது வால்வை. டிரம் லைனில் சுமார் 10 பி.எஸ்.ஐ. அழுத்தத்தைத் தேக்கி வைக்கும் வால்வு ஒன்று இருக்கும். டிரம்முக்குள் ஸ்பிரிங் ஷூவைத் திரும்ப இழுத்துவிடும், பாதகமில்லை. டிஸ்க்கில் அப்படி இழுக்க ஸ்பிரிங் இல்லை. காலிப்பரில் உள்ள பேட் உரசிக்கொண்டே இருந்து டிஸ்க் சூடேறிவிடும். சரி, எடுத்துவிடலாம் என்றால், ஆரம்பகால வண்டிகளில் மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநர் காலடியில், தரைக்குக் கீழே இருக்கிறது. மேலே உள்ள காலிப்பரிலிருந்து ஆயில் மெல்ல இறங்கிவிடும். அதற்கு 2 பி.எஸ்.ஐ. வால்வு போட வேண்டும்.

பின்சக்கரத்தில் டிரம்மை அப்படியே விட்டுவிடுவேன். ஹேண்ட்பிரேக் அதில்தான் இருக்கிறது. ஆனால் முன்னுக்கும் பின்னுக்கும் பங்கு சரிபார்க்க வேண்டும். தேருக்கு முட்டுக்கட்டை போடுபவர்களைப் பாருங்கள்: எந்தச் சக்கரத்துக்கு எப்போது கட்டை என்பதில் தேரின் திசையே அடங்கியிருக்கிறது. காரிலும் பிரேக் பிடித்ததும் பாரம் முன்னே சாய்ந்து பின்பக்கம் லேசாகும். அந்தச் சக்கரம் முதலில் ஜாமானால் வண்டி சுற்றிவிடும்.

புது டாட் 3 ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் உறிஞ்சியபின் அந்த வரம்பு 140-க்கு இறங்கும். எனவே லைனில் இருக்கும் பழைய ஆயிலை முழுவதும் வெளியேற்றிவிட்டுத்தான் ஏர் எடுப்பேன். பழைய லைனிங் தூளில் கல்நார் இருக்கலாம், காற்றடித்து ஊதாமல் நனைத்துத் துடைக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வண்டியின் அசல் அமைப்பை மாற்றுவதைப் பற்றியது. ஆகவே ஸ்பேனர் எடுக்குமுன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

டக்கென்று நிற்பதை வைத்து நான் வேலையை எடைபோடுவதில்லை. கல்யாணத்துக்கு ஆள் நிறைந்து போகும்போதும், அடுத்தடுத்து மிதித்துச் சூடேறிய பிறகும், முதல் மிதியில் நின்ற மாதிரியே ஒரு பக்கம் இழுக்காமல் நிற்க வேண்டும். நின்றால் சாவியைக் கொடுக்கலாம்.