மோரிசுத் தீவில் ஒரு பகல்

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் புன்செய்களில் வானம் பார்த்து வளர்ந்த எமக்கு, எரிமலையாற் பிறந்த மோரிசுத் தீவின் பசுமை கண்ணைக் கூசச் செய்தது. ஒரு பகலுக்கென அமர்த்திய வழிகாட்டியார் எம்மைக் கியூர்பிப் நகரத்து எரிமலை வாய்க்கு அழைத்தேகினார். தீ அவிந்து நெடுங்காலமாயிற்று. உள்ளே மரங்கள் அடர்ந்துள்ளன.

அதனினும் எம்மை நிறுத்தியவை, கரும்புக் கொல்லைகளின் நடுவே எழும் கருங்கற் குவியல்களே. எரிமலைக் கல்லை அகற்றினாலன்றி ஆங்குப் பயிர் செய்தல் அரிது. அடிமைகளும், 1834 முதல் கப்பலேறி வந்த ஒப்பந்தக் கூலிகளும் கையாற் பொறுக்கி அடுக்கியவை அவை.

வழிகாட்டியாரின் முன்னோர் தமிழர். அவர் வீட்டில் வழங்குவதோ கிரியோல். பணத்தாளொன்றை நீட்டி, அதிலுள்ள தமிழை வாசிக்கச் சொன்னார். (1998இல் அவ்வெழுத்தை இந்திக்குப் பின்னே தள்ளி அச்சிட்ட தாள்கள், தமிழர் கிளர்ச்சியால் திரும்பப் பெறப்பட்டன.) வாசித்தோம். தமிழ் ஆனர்ஸ் வகுப்பில் எமக்கு இத்துணைச் செவி சாய்த்தார் எவருமிலர். மீண்டும் கேட்டு, தாமும் மெல்லச் சொல்லிப் பார்த்தார்: "இருநூறு ரூபாய்."